மே தீவுக்கு ஜூலையில்

சமையல் மேசையில் நாள்காட்டி.
ஆகஸ்டில்தான் லீவு என்கிறான் ஃபெர்கஸ்.
ஆகஸ்டில் அவை கடலுக்குப் போய்விடும்;
கிர்க்கால்டி பஸ் டிப்போவின் பணிப்பட்டியலைப்
பஃபின்கள் பார்ப்பதில்லை.

கேஸ் கம்பெனி திருப்பித் தந்த பணம்
படகில் இரண்டரைப் பேருக்குக் காணும்.
போவது மூன்று பேர்.
யார் அந்த அரை என்று
சாப்பாடு ஆறும்வரை சண்டை.

மிர்ரன் பட்டியல் போடுகிறாள், ஏழு வயதின் எழுத்துப் பிழைகளோடு:
மழைக்கோட்டு. வாந்தி மாத்திரை.
தொப்பி, ஆலாக்கள் மண்டையில் கொத்துமாம்.
நல்ல உடுப்பு,
அவையும் நம்மைப் பார்க்குமே.

காற்றடித்தால் படகு கிடையாது
என்று நான் சொல்லவில்லை.
சொன்னால் அதையும் எழுதிக்கொள்வாள்.

ராத்திரி பதினொன்றுக்கு
மாடிப்படியில் உட்கார்ந்து போனில் ஃபெர்கஸ்,
குரலைத் தணித்து:
"சரி, புத்தாண்டு ராத்திரி வண்டி நானே ஓட்டுகிறேன்.
கிறிஸ்துமஸும்தான். அந்தச் சனிக்கிழமையை மட்டும் கொடு."

வந்து ஜூலை பன்னிரண்டைச் சுற்றி
வட்டம் போட்டான்.
கைக்குக் கிடைத்தது அவளுடைய ஆரஞ்சுப் பென்சில்.
கோணலாகத்தான் வந்தது வட்டம்,
ஒரு பக்கம் கொஞ்சம் மூக்கு வைத்து.

புத்தாண்டைப் பற்றி நான் கேட்கவில்லை.
ரொட்டிக்குள் என்ன வைக்கட்டும் என்று கேட்டேன்.