ஒன்பதாம் மாடிக்குப் போகிறவர்கள்

லிஃப்டுக்கும் தபால் பெட்டிகளுக்கும் நடுவே
என் நாற்காலி.
முழங்காலை மடக்கிக்கொண்டால்தான்
ஆள் கடக்க முடியும்.
இரவு ஏழு முதல் காலை ஏழு வரை
ஷாம் ஷுய் போவில்
அசையாமல் இருக்கிறவன் நான் ஒருவன்தான் போல.
அதனால் என்னிடம் கேட்கிறார்கள்.

மேலே திருமதி குவோக்
ஒரு வீட்டை ஏழாக அறுத்து
விடுதி என்று பலகை மாட்டியிருக்கிறாள்.
முதுகைவிடப் பெரிய பைகளோடு
வந்து இறங்குகிறார்கள்.

மூன்றுக்கு அடுத்த பொத்தான் ஏன் ஐந்து?
நாலும் சாவும் எங்கள் வாயில்
ஒரே வீட்டுப் பிள்ளைகள்.
அப்போது நாலாம் மாடிக்காரர்கள்?
ஐந்தில் இருக்கிறார்கள்.
வாடகையும் ஐந்துக்கு உண்டானதுதான்.

கிண்ணத்தைத் தேநீரிலேயே கழுவுகிறார்களே?
அழுக்குப் போகிறதோ இல்லையோ,
சோறு வரும்வரை கைக்கு வேலை.

முன்பின் தெரியாத ஒருவர்
என் மேசையில் வந்து உட்கார்ந்தார்,
முகத்தை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கோபமா?
மரியாதை.
நீ மெல்லுவதை அவர் பார்க்காமல் இருந்தார்.
முழங்கை இடித்தால்?
இடிக்கவில்லை என்று
இருவரும் முடிவு செய்துகொள்வது.

வானம் வெறிச்சென்று கிடக்க
தலையில் சொட்டுகிறதே?
ஏசி.
அதற்குக் குடை பிடித்தால் நீ வெளியூர்.

சிலியிலிருந்து வந்த பையன்
எல்லாவற்றையும் நோட்டில் எழுதினான்,
நடுவில் நான் தும்மியதையும்.
கப்பல் சமையலறையில் பொறுக்கிய என் ஆங்கிலத்தில்
எதை எப்படி எழுதினானோ.

நடைபாதையில் தகர டின்னில்
காகிதம் எரிக்கிற பெண்ணைப் படம் எடுக்கலாமா?
புருஷனுக்குச் செருப்பு அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.
தபால் நிலைய வரிசையில் நிற்கிறவளை
உங்கள் ஊரில் படம் எடுப்பீர்களா?

நேற்று இரவு இரண்டரைக்கு
ரிகாவிலிருந்து வந்த ஜிந்த்ரா
விடுதிச் செருப்போடு இறங்கி வந்தாள்.
பக்கத்து அறையில் ஒரு பெண் அழுகிறாள், என்றாள்.
சுவர் அட்டைதான்.
தலையணையைக் கடித்துக்கொண்டு அழுகிறாள்
என்பதுவரை கேட்கிறது.
கதவைத் தட்டலாமா?
இங்கே வழக்கம் என்ன?

மூன்றாம் எண் அறை.
எட்டு மாதமாக இருக்கிறாள்.
குதிகால் சத்தம் தெரியும் எனக்கு,
பெயர் தெரியாது.

வழக்கம்.
கப்பலில் பதினொரு வருடம்,
இந்த நாற்காலியில் பத்தொன்பது.
ஒருவரும் கேட்டதில்லை இதை.
நானும் எவரிடமும் கேட்டதில்லை,
என் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஓர் ஆள் இருமி இருமி
திடீரென்று இருமாமல் போன
அந்த மார்கழிக் குளிரிலும்.

வாய்க்கு வந்ததைச் சொன்னேன்:
குழாயைத் திறந்துவிடு.
முழுசாகத் திற.
அவள் கொஞ்சம் சத்தமாக அழுதுகொள்ளட்டும்.

ஆயிரம் வருடத்துப் பழக்கத்தைக் கேட்டவள்போல்
தலையாட்டிவிட்டுப் போனாள்.
ஒன்பது எரிந்தது, அணைந்தது.
சற்றுப் பொறுத்து
என் முதுகுக்குப் பின்னால் சுவருக்குள்
தண்ணீர் இறங்கத் தொடங்கியது.
நாலேகால்வரை இறங்கியது.
தூங்கவில்லை நான். சம்பளமும் அதற்குத்தான்.

ஆறரைக்குத் திருமதி குவோக்,
சுருட்டிய தலைமுடியோடு:
யார் தண்ணீரைத் திறந்துவிட்டது?
பில்லை உன் அப்பனா வந்து கட்டுவான்?
பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன்.
இரண்டு நாற்பது. ஒன்பதாம் மாடி.
குழாய் பழுது. கவனிக்கப்பட்டது.
மோக் என்று கையெழுத்து.

ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்க
குதிகால் சத்தம்.
முழங்காலை மடக்கிக்கொண்டேன்.
அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும்.

வாசலில் ஏசி சொட்டிக்கொண்டிருந்தது.
ஒரு கணம் நின்று,
குடையை விரித்தாள்.