நடுவில் நிற்கும் முள்

கம்பெனி வைத்த வெப்ப முள்
எப்போதும் நடுவில்தான் நிற்கும்.
புக்கிட் பூத்துஸ் ஏற்றத்தில்
பழைய எஞ்சினின் ஹெட் வெடித்த அன்றும்
நடுவில்தான் நின்றது, மரியாதையாக.

அதனால்தான் இது.
பாகாவ், ஆ லோய் பட்டறை.
டர்போவுக்கு முந்திய வார்ப்பிரும்பில் ஒரு துளை.
துளைப்பான் முனையில் கிரீஸ் அப்பி
எஞ்சினை ஓடவிட்டே துளைத்தான்.
இரும்புத்தூள் உள்ளே போகாமல்
புகையே ஊதித் தள்ளியது, அவன் முகத்தில்.
டார்ச் பிடித்தது நான்.
முந்நூற்றெண்பது வெள்ளி,
வயர் இழுக்கத் தனியாக இருபது.

இப்போது கண்ணாடியோரத் தூணில்
இரண்டு வட்டங்கள்.
ஒன்று காற்றழுத்தம். பார்ப்பதில்லை, சும்மா அழகு.
மற்றது நெருப்பின் கணக்கு.

ஒரு டன் செம்பனைக் குலை.
மில்லுக்கு முந்திய செம்மண் மேடு.
அறுநூறு, அறுநூற்றெழுபது,
எழுநூற்றுப் பத்து.
கால் தானாகத் தளர்கிறது.
இரண்டாம் கியர்.
பின்னால் லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்,
அடிக்கட்டும்.

வீட்டு வாசலில் உடனே அணைக்கக் கூடாது.
சூட்டோடு நிறுத்தினால்
எண்ணெய் உள்ளேயே கரியாகும்.
முந்நூற்று நாற்பது.
முந்நூறு.
கேட்டைத் திறந்து பிடித்தபடி
தவனேசன் நிற்கிறார்.
காலையில் சொன்னதற்கு
இன்னும் கோபமா என்கிறார்;
கண்ணாடிக்கு வெளியே உதடு மட்டும் தெரிகிறது.
இரண்டு விரல் காட்டுகிறேன்.
நிமிடம் என்று புரிந்ததோ என்னவோ.
இருநூற்றறுபது.
அவர் கேட்டை விடவில்லை.