ஒன்பது திருகாணிகள்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
ஃபூக் செங் கடையில் நான்தான் ரிப்பேர்.

தொழிற்சங்கத்து மரகதவல்லி
துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள் மடிக்கணினியை.
"ஃபார்மட் மட்டும் பண்ணிறாத லா.
லயத்து நாப்பத்து மூணு குடும்பம் உள்ள இருக்கு.
வெள்ளிக்கிழமை கோர்ட்டு."

பேட்டரியைக் கழற்றிவிட்டு
பொத்தானை முப்பது எண்ணும்வரை அழுத்தினேன்.
மூச்சே இல்லை.

ஒன்பது திருகாணி. ஒன்று துருவேறி
வர மாட்டேன் என்றது.
மூடியைத் தூக்கினால்
விசிறிக்கடியில் எறும்புக் கூடு.
வெளிச்சம் பட்டதும் ஓடின,
வாய்க்கு ஒரு வெள்ளை முட்டையோடு.
ஒன்றைக்கூட விடவில்லை.

போகட்டும் என்று காத்திருந்தோம்
அவளும் நானும், தே தாரிக் ஆறும்வரை.

பிறகு ஹார்ட் டிஸ்கை மட்டும் உருவி
என் கணினியில் சொருகினேன்.
பட்டியல் திறந்தது.
திரையில் விரல் வைத்து
எண்ணத் தொடங்கினாள்,
ஒன்றிலிருந்து.