அச்சைத் திருப்பும் ஒரு வரி

நிற்கவைத்தபோது
பெரியநாயகிமங்கலம் வடபாதி
பெரியநாயகிமங்கலம் தென்பாதியின் தலையில் ஏறிக்கொண்டது.
எழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன், கழுத்து வலித்தது.
எல்லாப் பட்டைகளையும் படுக்கவைத்தேன்.
இப்போது இடமிருந்து வலமாக ஓடுகின்றன,
பெயர்களுக்கும் கரையில் இடம் கிடைத்துவிட்டது.

முத்துப்பேட்டைப் பிரிவு அலுவலகம், மாலை ஐந்தேகால்.
நாளைக் கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துக்கு
ஒரே ஒரு படம் போதுமாம்:
ஆவணியில் எந்த ஊருக்கு எத்தனை நாள் தண்ணீர்.
பதினெட்டு ஊர், இரண்டு பத்தி.

முதல் ஓட்டத்தில் தமிழெல்லாம்
வெறும் கட்டங்களாக வந்தது,
வரப்பு மட்டும் போட்டு நடாமல் விட்ட வயல்.
எழுத்துருவின் பெயரைச் சொன்ன பிறகுதான்
ஊர்கள் வாய் திறந்தன.

சித்தாம்பூருக்குப் பட்டை இல்லை.
லஸ்கர் பக்கிரிசாமிக்குப் போன் போட்டேன்.
"காலியா விட்டிருக்கீங்களே, சைபர்னு எடுத்துக்கவா?"
"தண்ணி வரலன்னா சைபர் போட்டிருப்பேன் மேடம்.
நடைபாலம் விழுந்ததுலேருந்து
அந்தப் பக்கம் நான் போகவே இல்ல."

சைபருக்கும் காலிக்கும் நடுவே
ஒரு பாலம் விழுந்து கிடக்கிறது.
படத்தில் இரண்டும் ஒரே வெள்ளை.

பிறகுதான் கவனித்தேன்.
என் அட்டவணையில் தலைமதகு ஊர் முதல் வரிசை,
கடைமடை பதினெட்டாவது.
நிரலுக்கோ வேறு பழக்கம்.
முதல் வரிசையைத் தரையில் போட்டு
அடுத்தடுத்து மேலே ஏற்றும், வைக்கோல்போர் போல.
இருபத்தாறு நாள் தண்ணீர் கண்ட ஊர் அடியில் கிடக்க
கீழச்செம்மணல்காடு, மூன்றே நாள்,
ஒரு விரற்கடைப் பட்டையோடு
தலைப்புக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தது.

ஏ.இ. சார் எட்டிப் பார்த்தார்.
"தலைகீழா இருக்கே இனியா.
தலை மேல, கடைமடை கீழ.
அதுதானே முறை?"

முறைதான்.
திருத்த ஒரு வரி போதும்.
அடித்தேன், ஓட்டினேன்,
கடைமடை சட்டென்று கீழே போனது,
பக்கத்தின் ஓரத்துக்கு,
கூட்டத்தில் யாருடைய கண்ணும்
போய்ச் சேராத இடத்துக்கு.

அந்த வரியை நான் அழிக்கவில்லை.
அதன் முன்னால் ஒரு வேலிக்குறி மட்டும் நட்டேன்.
அது இப்போது நிரலுக்குள்ளேயே இருக்கிறது,
படிக்கலாம், ஓடாது.

மறுபடி ஓட்டினேன்.
கீழச்செம்மணல்காடு ஏறி வந்தது.
சித்தாம்பூரின் வெள்ளைமேல் ஒரு நட்சத்திரம் வைத்து
அடிக்குறிப்பில் எழுதினேன்:
அளவு இல்லை. பாலமும்.