பதினோரு அடி

நோரீன் இரவுப் பணி முடித்து
பிரிட்ஜ்வாட்டர் ஆஸ்பத்திரியிலிருந்து
காலை எட்டுக்கு வருவாள்.
அவள் மாடி ஜன்னலுக்கும்
எங்கள் கோழிக்கூண்டுக்கும் இடையில்
பதினோரு அடி.
நாங்கள் அளக்கவில்லை,
நகராட்சி அளந்து கடிதத்தில் எழுதியிருந்தது.

ஏப்ரலில் சேவலைக் கொடுத்துவிட்டோம்.
அட்டைப்பெட்டிக்குள்ளிருந்தும்
தெருமுனைவரை கூவிக்கொண்டே போனது.

பிறகு மழை. பிறகு நத்தை.
லுனென்பர்க் மூடுபனியில்
ஓடில்லாத நத்தைக்குத்தான் கொண்டாட்டம்.
லெட்டூஸ் முழுக்க ஓட்டை.
கோழி நத்தையை ஒருமுறை கொத்திவிட்டு
அலகைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.
"வாத்து முழுங்கும்" என்றான் எல்வுட்.
"வாத்து கத்தும்" என்றேன் நான்.

மின்கட்டண ரசீதின் முதுகில் எழுதி எழுதி அடித்தோம்.
பெக்கின் வெள்ளைவெளேர், ஆனால் சந்தை இரைச்சல்.
மற்ற வாத்துகளை ஏமாற்றிக் கூப்பிடவென்றே
வேட்டைக்காரர்கள் வளர்த்த அந்தக் குட்டை இனம்,
கைக்குள் அடங்கும், ஊருக்குள் அடங்காது.
மஸ்கோவிக்குக் கத்தவே தெரியாதாம், சீறுமாம்.
மகிழ்ந்துபோனோம்,
அது பறக்கும் என்று படிக்கும்வரை.
நோரீன் வீட்டுக் கூரையில்
முகமெல்லாம் சிவப்பு மரு வைத்த ஒன்று
சீறியபடி உட்கார்ந்திருப்பதை
இருவரும் தனித்தனியே நினைத்துப் பார்த்தோம்.
மிஞ்சியது கயூகா.

வெர்னா கார்க்கம் ரப்பர் பூட்ஸோடு
சேற்றில் நின்றிருந்தாள்,
கக்கத்தில் ஒரு வாத்து.
"அமைதியான வாத்தென்று எதுவுமில்லை.
அமைதியான ஆண் வாத்து உண்டு.
பிறவியிலேயே தொண்டை கட்டினது.
அதைக் கோழிகளோடு விட்டால்
மேலேறிக் கொன்றேவிடும்.
கூச்சல் போடுவது பெட்டைதான்,
ஆனால் இவள்கள் பரவாயில்லை."
சொல்லிவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன்.
எல்வுட் பணத்தை எண்ணினான், இரண்டு தடவை.

மூன்று பெட்டைகள்.
நிழலில் கறுப்பு,
வெயில் பட்டால் வண்டின் முதுகுப் பச்சை.
ஒரு மணி நேரத்தில் குடிதண்ணீர் காபியானது.
கோழிகள் பலகைமேல் ஏறி நின்று
கல்யாண வீட்டில் சேறு மிதித்தவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தன.
தீவனத்தில் ஈஸ்ட் தூவினேன்,
வாத்துக் காலுக்கு வலு வேண்டுமாம்.
அதையும் கோழிகள்தான் முதலில் தின்றன.

முதல் வாரம் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன்.
எட்டு மணி. ஒன்பது.
சுவருக்கு அப்பால் யாரோ
போனில் வம்பு பேசுகிற மாதிரி
தாழ்ந்த குரலில் ஒரு முணுமுணுப்பு, அவ்வளவுதான்.
பத்தேகாலுக்கு
டோட்டி ஒரு முட்டையிட்டது.

ஊருக்கே தண்டோரா.
கால் மணி நேரம் மூச்சு விடாமல்.
முட்டையிட்ட கோழிக்குத்தானே வலி தெரியும்?
இடாத நான்கும் சேர்ந்துகொண்டன.
ஏழு வருஷமாக இதைக் கேட்டபடிதான்
காபி குடித்துக்கொண்டிருக்கிறேன்,
ஏழு வருஷமாக எனக்கு இது கேட்கவில்லை.

வாத்துகளோ விடியுமுன்
ஈர வைக்கோலில் எங்கேயோ இட்டுவிட்டு
ஒரு வார்த்தை சொல்லாமல்
நத்தைக்குப் போயிருக்கும்.
கரி பூசின மாதிரி முட்டை.
பருவம் போகப்போக வெளுத்துவிடும் என்றாள் வெர்னா.

ஜூன் கடைசியில், சீருடையோடு,
வேலியோரம் நோரீன்.
நான் ஒரு முட்டையை நீட்டி
மன்னிப்பில் ஆரம்பித்தேன்.
"எதற்கு?" என்றாள்.
"நான் எந்தக் கடிதமும் எழுதவில்லையே.
அந்த ஜன்னலா? அது துணி அலமாரிக்குப் பின்னால்.
நான் தூங்குவது துறைமுகப் பக்கம்.
அங்கே படகு எஞ்சின்தான்."

எல்வுட் மெதுவாகத் திரும்பி
மற்ற மூன்று வீடுகளைப் பார்த்தான்.
எல்லாத் திரையும் மூடியிருந்தது.

நோரீன் கட்டைவிரலால் முட்டையைத் தேய்த்தாள்.
கரி விலகி
உள்ளே சாம்பல் பச்சை.
ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

டோட்டி ஆரம்பித்தது.

மூவரும் நின்றோம்,
அது சொல்லி முடிக்கட்டும் என்று.