திங்கட்கிழமை

லிம் சூ காங் சாலையில்
எங்கள் இருவரை மட்டும் இறக்கிவிட்டுப்
பேருந்து போய்விட்டது.
ஆட்டுப்பண்ணைக் கதவில் பூட்டு.
இன்று விடுமுறையென்று
ஆடுகளுக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த பேருந்துக்கு முப்பத்தெட்டு நிமிடம்.
சத்தியசீலன் கைபேசியைப் பார்த்தான்.
நான் கங்கோங் பாத்திகளைப் பார்த்தேன்.
காலையில் பாதியில் விட்ட சண்டை
நடுவில் நின்றது, மூன்றாம் ஆளாய்,
வியர்த்தபடி.

வேலிக்கு அப்பால் ஒருவர்
குழாய்நீரில் சாய் சிம் அலசிக்கொண்டிருந்தார்.
கடைசியில் சொல்லியேவிட்டேன்.
அந்நேரம் பார்த்துத் தெங்காவிலிருந்து
எழும்பிய போர் விமானம்
என் வாயசைவை மட்டும் விட்டுவைத்தது.
தவளைப்பண்ணையும் வாயடைத்துப்போனது.

பிறகு ஒரு தவளை.
சற்றுத் தள்ளி இன்னொன்று.
பிறகு மொத்தத் தொட்டியும்.

"என்ன சொன்ன?"
மறந்துவிட்டது என்றேன்.
பொய்தான்.

அலசியவர் வேலி இடுக்கில்
ஒரு கட்டு நீட்டினார்.
இரண்டு விரல்: இரண்டு வெள்ளி.
எங்களிடம் பத்து வெள்ளி நோட்டு.
அவரிடம் சில்லறை இல்லை.
மிச்சத்துக்கும் கீரையே தந்தார்,
கை கொள்ளாமல்,
மண்ணும் ஒரு நத்தையுமாக.

குளிரூட்டிய பேருந்தில்
இரண்டு மடியிலும் ஈரம்.
இவ்வளவையும் யார் ஆய்வது?
சுவா சூ காங் வருமுன்னே
தொடங்கிவிட்டோம்,
இம்முறை சிரித்துக்கொண்டு,
நத்தை யார் பக்கமும் சேராமல்
சன்னலில் ஏறியது.