இரண்டு வில்லுக்கத்தி

ஒண்டு கட்டாரில் இருந்து மச்சான் புவிராஜ் கொண்டுவந்தது.
விலை சொல்லவில்லை, பெட்டியைக் காட்டினான்.
கொம்புப் பிடி.
மூடி வெயிலுக்குப் பிடித்தால்
முதுகுத் தகட்டோரம் நூலளவு வெளிச்சமும் கசியாது.
மடக்கினால் டக்கென்று
பெட்டகம் பூட்டுகிற சத்தம்.

மற்றது கல்முனையில்
முனாஸ் காக்கா கடையில் நானூற்றைம்பது.
ஆணி தளர்ந்து அலகு ஆடும்.
சுத்தியலால் ஒரு தட்டு,
மறுகா பத்து நாளைக்கு ஆடாது.
துருப்பிடிக்கும்;
கல்லில் நாலு இழுப்பில் கூரும் வரும்.
கட்டார்க்காரனைத் தீட்ட
அரைநாள் வேணும்.

பாண்டிருப்புக்கு வெளியே
விசிறியில் கயிறு சுற்றிய இரவு
இரண்டும் மடியில் இருந்தன.
நல்லதன் நகக்குழியில்
ஈரவிரல் வழுக்கிற்று, வழுக்கிற்று.
மலிவானதை ஒரு உதறு.
ஆட்டந்தான் திறந்து தந்தது.
கயிறு அறுந்த கையோடு
கத்தியும் கடலுக்குள் போச்சு.

கொம்புப்பிடி இப்போது வீட்டில்.
கோமளா அதில் மாங்காய் சீவுகிறாள்,
கீறல் விழாமல்.

திரும்பக் கல்முனை.
பெட்டியில் கிடந்த ஒவ்வொன்றையும்
காதருகே வைத்து உதறினேன்.
ஏழாவது கலகலத்தது.
“அது ஆடுது தம்பி, வேற தாறன்,”
காக்கா கை நீட்டினார்.

முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டேன்:
“ஆடுறதுக்கு எவ்வளவு குறைப்பீங்க?”